பழகாத உலோகத்தைக் கடையும் முறை

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். காலை அமர்வில் பேசிய அறிஞர்கள் அதனைச் செவ்வனே செய்து முடித்துவிட்டார்கள். எனக்கு இட்ட பணி வேறு. தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்ந்திருக்கும், இனிச் சேரவிருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கைக்கு உதவும்படி ஏதேனும் சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் கலைப்பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி முடித்து, அரசுப் பள்ளிகளில் சாக்குக்கட்டி பிடித்தவன். லேத்தில் நின்று பிழைத்தவன் அல்லன். ஆயினும் என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் திண்டுக்கல்லில் தொழிற்பயிற்சி பெற்று, இன்று கோவையிலும் ஓசூரிலும் சென்னைப் புறநகரிலும் டர்னராக, ஃபிட்டராக, மெஷினிஸ்டாகப் பணியாற்றுகின்றனர். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் அவர்கள் மலையேறி வரும்போதெல்லாம் கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்தவற்றை, நூல்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

இத்தலைப்பு விழாவுக்குப் பொருந்துமா என்று ஐயுறுவோர் ஒன்றை நினைவிற் கொள்க. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1942-ஆம் ஆண்டில் வைசிராயிடம் அவர் அளித்த விண்ணப்பத்தில், நம் மக்களின் குறைகளை வரிசைப்படுத்தியபோது, உயர்கல்வியோடு தொழில்நுட்பப் பயிற்சியையும் சேர்த்தே கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநராக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அக்கோரிக்கைகளுள் ஒன்று. ஆகவே பட்டறையைப் பற்றிப் பேசுவதும் கல்வியைப் பற்றிப் பேசுவதே ஆகும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் பக்கத்து இயந்திரக்காரர் ஒரு டிரில் பிட்டை முறித்துவிட்டால், "புதியவர், பழகிக்கொள்வார்" என்பார்கள். நம் பிள்ளை முறித்துவிட்டால், "இவர்களுக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லும் வாய் இன்னும் சில இடங்களில் இருக்கத்தான் செய்கிறது. முறிந்தது ஏன் என்று அந்த வாய்க்கு விடை சொல்லத் தெரிந்தவன் தலைகுனிய வேண்டியதில்லை. பிட் முறிவதும் முறியாதிருப்பதும் உலோகத்தின் குணம், வேகம், வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்தவை. இயந்திரத்தைப் பிடித்தவன் எந்தத் தெருவில் பிறந்தான் என்பது எஃகுக்குத் தெரியாது.

இனிப் பொருளுக்கு வருகிறேன்.

வத்தலக்குண்டிலிருந்து மணமாகி நம் மலைக்கு வந்த மருமகள் முதல் நாள் துவரம்பருப்பை வேக வைக்கிறாள். தன் தாய் வீட்டில் வைத்த அதே பானை, அதே தீ, அதே நேரம். பருப்பு வேகவில்லை. குற்றம் அவளுடையதா? கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு. ஆதலால் நீர் நூறு டிகிரி வரை காத்திராமல் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையில் நீர் அதற்குமேல் சூடேறாது, ஆவியாகத்தான் போகும். நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது குக்கரை வைக்க வேண்டும். இரண்டே நாளில் அவள் அதைக் கற்றுக்கொள்கிறாள். பழகாத உலோகத்தை வெட்டுவதும் இத்தகையதே. பழைய ஊரின் கணக்கைப் புதிய ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதற்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். காரணம் அறியாமல் தீயை மட்டும் கூட்டிக்கொண்டே போவதைத்தான் பட்டறையில் பலரும் செய்கிறார்கள்.

கத்தி முனையில் என்ன நிகழ்கிறது? உலோகத்தை வெட்டுவது வாழைத்தண்டை அரிவது போன்றதன்று. டூல் முன்னேறும்போது அதன் முகத்துக்கு எதிரே உள்ள உலோகம் நசுங்கி, சரிந்து, சீவலாகப் புறப்படுகிறது. அந்தச் சரிவிலும், சீவல் டூலின் முகத்தில் உராய்ந்து செல்வதிலும் பெரும் வெப்பம் பிறக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரம்ஃபோர்டு பிரபு என்பவர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பித்தளைப் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும் பணியை மேற்பார்த்தவர். துளைக்கும் இடத்தைச் சுற்றி நீர்ப்பெட்டி ஒன்றை அமைத்து, மழுங்கிய துளைக்கருவியைக் குதிரைகளைக் கொண்டு சுழலச் செய்தார். இரண்டரை மணி நேரத்தில் அந்த நீர் தீயின்றியே கொதித்தது. வெப்பம் என்பது ஒரு பொருளன்று, இயக்கத்தின் விளைவே என்ற கொள்கைக்கு அச்சோதனை வழி திறந்தது. நமக்கு அதில் வேறொரு பாடமும் உண்டு. அவர் வேண்டுமென்றே மழுங்கிய கருவியை எடுத்தார். மழுங்கிய கருவி வெட்டாது, தேய்க்கும், தேய்த்தால் சூடேறும்.

பிறந்த வெப்பம் எங்கே போகும் என்பதே அடுத்த கேள்வி. சீவலோடு போகலாம், வேலைப்பொருளுக்குள் பரவலாம், டூலுக்குள் ஏறலாம். டூலுக்குள் ஏறினால் தொல்லை. பழைய கார்பன் எஃகு டூல்கள் 250 டிகிரி அளவிலேயே கடினம் இழந்துவிடும். ஹைஸ்பீடு எஃகு 600 டிகிரி வரை தாங்கும். கார்பைடு அதனினும் மேலே. வெப்பத்தை விரைந்து கடத்தும் உலோகத்தில் சூடு ஓரிடத்தில் தங்காது. கடத்தாத உலோகத்தில் முனையிலேயே தேங்கும். கடத்துதிறனை அளக்கும் அலகில் செம்பு ஏறத்தாழ 400, தூய அலுமினியம் 240, சாதாரண மைல்டு ஸ்டீல் 50, நம் வீட்டு எவர்சில்வர் 16, டைட்டானியக் கலவை 7. இந்த ஐந்து எண்களையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தம்ளரின் கைப்பக்கம் சூடேறத் தாமதமாவதையும், செம்புத் தம்ளரைத் தொட்டவுடன் கை சுடுவதையும் நம் தாய்மார்கள் நாள்தோறும் காண்கிறார்கள். அதே இயல்புதான் லேத்தில் எவர்சில்வரைக் கடையும் இளைஞனின் டூலைக் கருக்குகிறது.

ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு குணம் உண்டு. வார்ப்பிரும்பு உடையும் குணமுடையது. சீவல் சுருளாமல் தூளாக உதிரும். அதனுள் கிராஃபைட்டு இருப்பதால் அதுவே மசகு. கூலண்ட் ஊற்றாமல் உலர்வாகவே கடைவார்கள். ஆனால் வார்ப்பின் மேல்தோலில் மணலும் கடினமான படிவும் ஒட்டியிருக்கும். "முதல் வெட்டு தானே" என்று மெல்லத் தடவினால் அந்த மணல் டூல் முனையை அரைத்துத் தீர்த்துவிடும். முதல் வெட்டே தோலுக்கு அடியில் இறங்க வேண்டும். பித்தளையோ டூலைத் தன்பால் இழுக்கும். எஃகுக்குத் தீட்டிய டிரில் பிட்டைப் பித்தளையில் இறக்கினால் திருகுபோல் தானாகவே உள்ளே பாய்ந்து வேலைப்பொருளைத் தூக்கிச் சுற்றிவிடும். விரல் போன நிகழ்ச்சிகளும் உண்டு. வெட்டு விளிம்பைச் சிறிது தட்டையாக்கிச் சாய்வை நீக்கிவிட்டால் அமைதியாகத் துளைக்கும். அலுமினியம் மென்மையானது என்று எளிதாக எண்ணிவிடக் கூடாது. அது டூல் முனையில் அப்பம்போல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கட்டியே பின் வெட்டத் தொடங்கும். மேற்பரப்பு கிழிந்து போகும். வேகத்தைக் கூட்டி, டூல் முகத்தை வழவழப்பாகத் தீட்டி, சாய்வை அதிகமாக்கி, சிறிது மண்ணெண்ணெய் விட்டால் கண்ணாடி போல் வரும் என்று பழைய டர்னர்கள் சொல்வார்கள்.

அரம் பிடிக்கும் ஃபிட்டர்களுக்கும் இது பொருந்தும். திண்டுக்கல் பூட்டுத் தொழில் நாடறிந்தது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. இரும்பையும் பித்தளையையும் ஒரே மேசையில் வைத்து அராவும் தொழில் அது. புதிய அரம் வாங்கினால் அதை முதலில் பித்தளைக்குப் பயன்படுத்தி, கூர் சற்றுத் தணிந்த பின்னரே எஃகுக்கு எடுக்க வேண்டும் என்பது நல்ல ஃபிட்டர்களின் வழக்கம். எஃகில் தேய்ந்த அரம் பித்தளையில் வழுக்கும். பித்தளையில் தேய்ந்தது எஃகைக் கடிக்கும். அலுமினியத்தை அராவும்போது பற்களில் துகள் அடைத்துக்கொள்ளும். முன்கூட்டி அரத்தின் மேல் சாக்குக்கட்டியைத் தேய்த்துவிட்டால் அடைக்காது. நான் வாழ்நாளெல்லாம் பிடித்த சாக்குக்கட்டிக்குப் பட்டறையிலும் ஒரு மரியாதை இருப்பதை அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

இனி எவர்சில்வர். இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் இடறுவது இங்கேதான். 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துருப்பிடிக்காத எஃகு ஒன்றை உருக்கினார். அந்தக் குடும்பம் இன்று பெருகிவிட்டது. நம் அடுக்களைப் பாத்திரம், பால் பண்ணைக் குழாய், ஆழ்துளைப் பம்பின் தண்டு ஆகியவற்றுக்குப் பெரிதும் பயன்படுவது குரோமியமும் நிக்கலும் கலந்த வகை. இதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. அடிக்க அடிக்க, நசுக்க நசுக்க, தேய்க்கத் தேய்க்க இது மேன்மேலும் கடினமாகும்.

என் பழைய மாணவர் ஒருவர் கோவையில் பம்பு உதிரிகள் செய்யும் ஒரு சிறு பட்டறையில் சேர்ந்தார். ஓராண்டுக் காலம் வார்ப்பிரும்பும் மைல்டு ஸ்டீலுமே அவருடைய உலகம். ஓர் இரவுப் பணியில் எவர்சில்வர் வளையங்களில் துளையிடும் வேலை வந்தது. மைல்டு ஸ்டீலுக்கு வைத்திருந்த வேகத்திலேயே இறக்கினார். பிட் கிறீச்சிட்டது. விலையுயர்ந்த பொருளாயிற்றே என்று அழுத்தத்தைக் குறைத்து மெல்லத் தொட்டார். சீவல் வரவில்லை; முனை நீலம் பாரித்து மழுங்கியது. இரண்டாவது பிட்டுக்கு வேகத்தைக் கூட்டினார். அதுவும் போயிற்று. மூன்றாவதும் போனபோது மேற்பார்வையாளர் வந்து சொன்ன சொல்லை இந்த மலரில் அச்சிட வேண்டா. அது பிட்டைப் பற்றிய சொல்லன்று.

பக்கத்து இயந்திரத்தில் முதியவர் ஒருவர் இருந்தார். சான்றிதழ் ஏதும் இல்லாதவர். அவர் எழுந்து வந்து, "தம்பி, தடவாதே, கடி. கடிக்க முடியாவிட்டால் எடுத்துவிடு" என்றார். வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். கூலண்டைத் தாராளமாக விடச் சொன்னார். கையை உறுதியாக இறக்கி, சீவல் தொடர்ந்து வரும்படி அழுத்தி, நடுவில் நிறுத்தாமல் செல்லச் சொன்னார். பளபளப்பேறிக் கடினப்பட்டுப் போன அந்தத் துளையை மறுபக்கத்திலிருந்து துளைக்க வைத்தார். நான்காவது பிட் அந்த இரவு முழுவதும் உழைத்தது. அம்மாணவர் இன்று கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரங்களுக்குச் செட்டிங் செய்து கொடுப்பவர். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவர் சொல்லும் முதல் வாக்கியம் அந்த முதியவருடையதே.

காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும். மெல்லத் தொட்டபோது பிட் வெட்டவில்லை, தேய்த்தது. தேய்த்ததால் மேற்பரப்பு கடினமாயிற்று. கடினமான தோலை வெட்ட இன்னும் அதிக வெப்பம் பிறந்தது. கடத்துதிறன் குறைவாதலால் அவ்வெப்பம் வேலைப்பொருளுக்குள் பரவாமல் பிட்டுக்கே ஏறியது. பயந்து அழுத்தத்தைக் குறைத்ததே பகையாயிற்று. கடைசலிலும் இதே நெறிதான்: முன் வெட்டு கடினமாக்கிச் சென்ற தோலுக்கு அடியில் டூல் முனை இறங்க வேண்டும், ஃபீடை நிறுத்தி டூலை ஓரிடத்தில் நிற்க விடலாகாது, டூல் கூராக இருக்க வேண்டும், பொருளையும் டூலையும் அசையாமல் இறுகப் பிடிக்க வேண்டும். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்ற பழமொழி மேடைக்கு நன்று. எவர்சில்வருக்கு முன்னால் புல் செல்லாது. தீட்டிய முனைதான் செல்லும்.

வேகம், வேகம் என்கிறேனே, அதை எப்படிக் கணக்கிடுவது? பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். உலோகம் டூல் முனையை நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் கடக்கிறது என்பதே வெட்டு வேகம். அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்கி, தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து 3.14-ஆல் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். ஹைஸ்பீடு டூல் வைத்து 25 மில்லிமீட்டர் தண்டைக் கடைவதாகக் கொள்வோம். மைல்டு ஸ்டீலுக்கு 30 மீட்டர் என வைத்தால் ஏறத்தாழ 380 சுற்று. எவர்சில்வருக்கு 15 மீட்டர் எனில் 190. பித்தளைக்கு 60 மீட்டர் எனில் 760. டைட்டானியத்துக்கு 12 மீட்டர் எனில் 150 அளவு. ஒரே தண்டு, ஒரே இயந்திரம். உலோகம் மாறியதும் சுற்று ஐந்து மடங்கு வரை மாறுகிறது பாருங்கள். இவை தொடங்குவதற்கான எண்கள். முடிவான எண்களை டூல் செய்வோரின் அட்டவணையும் உங்கள் காதும் சேர்ந்து சொல்லும்.

இந்த எண்களை உலகுக்கு ஒழுங்குபடுத்தித் தந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கர் ஃபிரடெரிக் டெய்லர். 1880-இல் மிட்வேல் எஃகு ஆலையில் தொடங்கி இருபத்தாறு ஆண்டுகள் சோதித்தார். எட்டு லட்சம் பவுண்டு இரும்பையும் எஃகையும் சீவலாக்கிய பின்னரே 1906-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வெட்டு வேகத்தை நிர்ணயிக்கும் பன்னிரண்டு காரணிகளை அவர் எண்ணினார். வெட்டப்படும் உலோகத்தின் தன்மை அவற்றுள் ஒன்று. அவரும் ஒயிட் என்பவரும் கண்ட ஹைஸ்பீடு எஃகு 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், முனை சிவக்கச் சிவக்க வெட்டிக் காட்டப்பட்டது. உழைப்பாளரை மாட்டோடு ஒப்பிட்டு அவர் எழுதியவை எனக்கு உடன்பாடானவை அல்ல. அதை எவரிடமும் சொல்வேன். ஆனால் அவர் தந்த கணக்கை விட்டுவிட வேண்டியதில்லை. அக்கணக்கின்படி ஹைஸ்பீடு டூலின் வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினாலே அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அவசரக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டைட்டானியத்தைப் பற்றி ஓரிரு சொற்கள். இது எங்கோ அயல்நாட்டுப் பொருள் என்று எண்ண வேண்டா. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் கடற்கரைக் கருமணலில் இதன் தாது இருக்கிறது. சவறாவில் டைட்டானியப் பஞ்சு எடுக்கும் ஆலை 2011-இல் தொடங்கப்பட்டது. விண்கலங்களுக்கும் எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடுகளுக்கும் இது வேண்டும். எஃகோடு ஒப்பிட எடை பாதியைவிடச் சற்றே கூடுதல்; வலிமை குறைவில்லை. ஆனால் எஃகைவிட இருமடங்கு வளையும் இயல்பு. மெல்லிய தண்டாயின் டூலுக்கு முன் விலகி நின்று, டூல் கடந்த பின் திரும்பி வந்து உராயும். வெப்பமோ முனையை விட்டு நகராது. சூடேறினால் டூலோடு ஒட்டிக்கொள்ளும். வேகத்தை வெகுவாகக் குறைக்க வேண்டும். ஃபீடைக் குறைக்கக் கூடாது. கூலண்ட் வெள்ளமாகப் பாய வேண்டும். டூல் சற்று மழுங்கினாலும் மாற்றிவிட வேண்டும். எவர்சில்வரின் குணத்தை அறிந்தவனுக்கு இது பாதி தெரிந்த பாடம். விமான எஞ்சின்களில் வரும் நிக்கல் கலவைகளும் ஏறத்தாழ இவ்வழியினவே.

கையில் வந்த துண்டு எதுவென்றே தெரியாவிட்டால்? முதலில் பொருள் சான்றிதழைக் கேளுங்கள். அது இல்லையாயின் காந்தத்தை வையுங்கள். பாத்திர வகை எவர்சில்வரைக் காந்தம் பெரும்பாலும் பிடிக்காது. எடையைப் பாருங்கள். ஓரத்தில் அரத்தால் ஓர் இழுப்பு இழுங்கள். கடிக்கிறதா, வழுக்குகிறதா என்று கை சொல்லும். பின் சாணைக்கல்லில் மெல்லத் தொட்டுத் தீப்பொறியைப் பாருங்கள். மைல்டு ஸ்டீல் நீண்ட மஞ்சள் கோடுகளாகப் பொறியும்; கார்பன் மிகுந்த எஃகு மத்தாப்புப் போல் வெடித்துக் கிளைக்கும்; வார்ப்பிரும்பின் பொறி குட்டையாய்ச் சிவந்திருக்கும்; நிக்கல் கலவையில் மங்கிய சிறு கோடுகள்; டைட்டானியத்தில் கண் கூசும் வெண்பொறி. செம்பும் பித்தளையும் அலுமினியமும் பொறியே தரா; அவற்றைச் சாதாரணக் கல்லில் தேய்க்கவும் கூடாது, கல்லின் துளைகள் அடைபடும். கண்ணாடி அணியாமல் எவரும் சாணைக்கு முன் நிற்க வேண்டா.

ஒளியைக் கொண்டு உலோகத்தை அறியும் கலைக்கு நம் மலையிலேயே ஒரு பெரிய கோயில் இருக்கிறது. 1901 முதல் சூரியனை நோக்கிவரும் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தைத்தான் சொல்கிறேன். ஒன்பது கோடி மைலுக்கு அப்பாலுள்ள சூரியனின் இரும்பையும் கால்சியத்தையும் அங்கே நிறக்கோடுகளால் ஆராய்கிறார்கள். 1909-இல் கரும்புள்ளிகளைச் சுற்றி வாயு பாயும் முறையைக் கண்டறிந்து தம் பெயரை நிலைநாட்டிய ஜான் எவர்ஷெட், தம் கருவிகளைத் தாமே வடிவமைத்துப் பொருத்துவதில் கைதேர்ந்தவர். அறிவியலாளர் கையில் எண்ணெய் படுவது இழிவென்று அவர் எண்ணவில்லை. சாணைப் பொறியைப் பார்த்து எஃகை அறியும் பட்டறைக்காரரும், நிறமாலையைப் பார்த்துச் சூரியனை அறியும் அறிஞரும் செய்யும் வேலை வெகு தொலைவிலுள்ளதன்று. மாணவர்கள் ஒரு நாள் அங்கே சென்று அருங்காட்சியகத்தைப் பார்த்து வாருங்கள்.

அடுத்ததை நம் ஊரின் நினைவோடு சொல்ல வேண்டியுள்ளது. அறியாத உலோகம் டூலை மட்டும் கெடுப்பதன்று. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து இயந்திரங்களைக் கொண்டுவந்து இங்கே நிறுவிய வெப்பமானித் தொழிற்சாலையில் பாதரசத்தைக் கையாண்டார்கள். பின்னாளில் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கீழ் இருந்தது. 2001-ஆம் ஆண்டு மார்ச்சில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கிடங்கொன்றில் கிடந்தது வெளிப்பட்டது, ஆலை மூடப்பட்டது. நீண்ட வழக்குக்குப் பின் 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. உடல்நலக் கேட்டுக்கு ஆலையே காரணம் என்பதை நிறுவனம் ஒப்பவில்லை. அந்த வாதத்துக்குள் நான் இன்று செல்லவில்லை. பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும், அந்த ஆவிக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை என்ற இரண்டு செய்திகள் போதும். கையில் உருளும் அந்த வெள்ளிக் குண்டுகள் இத்தகையவை என்று எவரும் சொல்லவில்லை என்று பின்னாளில் தொழிலாளர் பலர் கூறினர். சொல்லப்படாதது கூலியில் கழிக்க முடியாத இழப்பு.

பட்டறையிலும் இத்தகையவை உண்டு. மெக்னீசியச் சீவலும் டைட்டானியத்தின் நுண்சீவலும் தீப்பற்றும். பற்றினால் நீரை ஊற்றக் கூடாது, நீர் தீயை வளர்க்கும். உலர்ந்த மணலோ அதற்குரிய பொடியோ இட வேண்டும். பெரிலியம் கலந்த செம்பின் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெடும். எளிதில் கடைய வரும் பித்தளையில் ஈயம் கலந்திருக்கும். கை கழுவாமல் சோற்றைத் தொடாதீர்கள். "இது என்ன உலோகம், இதில் என்ன கலந்திருக்கிறது, இதன் தூள் என்ன செய்யும்" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்த்த பிரிவு, தம் உடல்நலமும் பாதுகாப்பும் குறித்த தகவலைப் பெறும் உரிமையைத் தொழிலாளருக்கு எழுத்தில் தந்தது. அதற்கு முன்பும் அது மனித உரிமைதான்.

சி.என்.சி. வந்துவிட்டதே, எண்களை எல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளுமே என்று ஒரு தங்கை காலையில் என்னிடம் கேட்டார். கணினி தனக்குக் கொடுத்த எண்ணை ஓட்டும். கொடுத்த எண் மைல்டு ஸ்டீலுக்கு உரியது, சக்கில் இருப்பது எவர்சில்வர் என்பது அதற்குத் தெரியாது. சீவலின் நிறம் வைக்கோல் நிறத்திலிருந்து நீலத்துக்கு மாறுவதையும் அதுவாகக் கவனிப்பதில்லை. ஹைஸ்பீடு டூலில் சீவல் நீலமானால் வேகம் மிகுதி; கார்பைடு டூலில் எஃகுச் சீவல் நீலமாய்ப் போவது வெப்பத்தைச் சீவல் கொண்டு செல்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி. ஒரே நிறத்துக்கு இரண்டு பொருள். அதைப் படிப்பதற்கு நீங்கள்தான் வேண்டும், பெண்பிள்ளைகளும் வேண்டும். ஓசூர்ப் பக்கத்து ஆலைகளில் அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் ஒரு தடித்த பதிவேட்டை வையுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் ஊர் வரும்போது தாம் புதிதாகச் சந்தித்த உலோகம், வைத்த டூல், வேகம், ஃபீடு, கூலண்ட், முடிவு என ஆறு கட்டங்களில் ஒரு வரி எழுதட்டும். முறிந்ததையும் எழுதட்டும். பெயர் வேண்டா, நாள் போதும். கூமூரில் இருந்து முதல் தலைமுறையாக ஐ.டி.ஐ. வாசலில் நிற்கும் பிள்ளைக்கு, மாமனோ சித்தப்பனோ பட்டறையில் இருந்து வழிகாட்டும் வாய்ப்பு இல்லை. அந்தப் பதிவேடு அவனுக்கு மாமனாகவும் சித்தப்பனாகவும் இருக்கும்.

மேடையின் வலப்புறம் உள்ள மேசையில் ஆறு துண்டுகள் வைத்திருக்கிறேன், பெயர் எழுதவில்லை. ஒரு காந்தம், இரண்டு அரம், ஒரு தராசு அருகில் உள்ளன. தேநீர் இடைவேளையில் வரிசையாக வந்து பார்த்து, எது எந்த உலோகம் என்று தாளில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். ஐந்தாவது துண்டு சற்றுக் கனம் குறைவாக இருக்கும். கை தவறிக் கீழே போட்டுவிடாதீர்கள், அதை என் பழைய மாணவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.